மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்

காசிமேடு

மாதவரம் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் அன்பு மச்சான் கிருஷ்ணப்பனுக்கு மாமா திருமலை எழுதுவது. ஈரலைத் தவிர இங்கே யாவரும் நலம். உன் வீட்டில் ஈரல் உள்பட யாவரும் நலமாயிருக்க எல்லையம்மன் துணை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனை உன் அக்கா பவுனம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நான் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, "போய்ட்டு வரேன் மாமு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

ஈரல் புற்றுநோய் முற்றிவிட்டது, ஆபரேஷன் முடியாது, மருந்துதான் என்று டாக்டர் ஜெயஸ்ரீ அம்மா சொன்னது உனக்குத் தெரியும். முதலில் எந்த மருந்து என்பதில்தான் சண்டை. ஒன்று, தினமும் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. கை கால் தோல் உரியலாம், வயிறு போகலாம், பிரஷர் ஏறலாம். இன்னொன்று, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸாக ஏற்றும் இரட்டை மருந்து. அதில் ரத்தம் கசியும் பயம் உண்டாம், அதனால் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். காலமெல்லாம் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி ஏலம் விட்டவன் நான். என் செவுளையே பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஏத்தலாம்" என்றார்கள். அந்த மீன்களிடமெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"மாத்திரை சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தாங்க. டிரிப்ஸ் போட்டவங்கள்ல பாதிப் பேர் ஒன்றரை வருஷத்தத் தாண்டினாங்க" என்றார் டாக்டரம்மா. பழக்கதோஷம் மச்சான், வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒண்ணர வருஷம்! மேல கேக்கறவங்க கேளு!" என்று கூவிவிட்டேன். வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உன் அக்கா சும்மா இருப்பாளா? "அஞ்சு வருஷம்!" என்றாள்.

"இன்னாமே, சரக்கு நெலம தெரிஞ்சிதான் கேக்கறியா?"

"தெரிஞ்சிதான்யா கேக்கறேன். நீ தரத்தச் சொல்லு."

"அப்படி வாக்குக் குடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

"நீ குடுக்காதம்மா. நான் கேட்டுகினு கீறேன், அவ்ளோதான்."

நம் துறைமுகத்தில் வாய்விட்டுக் கேட்ட விலையிலிருந்து யாரும் பின்வாங்க முடியாது, உனக்கே தெரியும். "அஞ்சு வருஷம் ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் தரம் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது மச்சான்.

உன் அக்கா டிரிப்ஸ்தான் என்கிறாள், ஆனால் நான் மாத்திரைதான். ஊசிக்குப் பயந்து அல்ல. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்து, தேய்ந்துபோன முட்டியோடு அவள் என்னைத் தாங்கிக்கொண்டு அலைய வேண்டுமா? ஆகவே நீ உடனே வந்து, "மாத்திரையே போதும்க்கா" என்று சொல்ல வேண்டும். நீ சொன்னால்தான் கேட்பாள். என் முடிவு இரும்பு, எவன் வந்தாலும் அசையமாட்டேன்.

நீயும் உன் சம்சாரம் சினேகாவும் தொண்டையில் முள் சிக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அசையாத மாமா,
திருமலை

பி.கு.: இந்த வரிகள் கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. காலையில் உன் அக்கா முட்டிக்கு பெல்ட் கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். இப்போது பக்கத்து நாற்காலியில் குறட்டை விடுகிறாள். நீ பேச வர வேண்டாம். சும்மா வருவதானால் வஞ்சிரம் வாங்கி வா, செவுளைப் பார்த்து வாங்கு. மூன்றாம் தரத்தை மட்டும் நான் சொல்வதாக இல்லை.