மோசமில்லை மனிதர்

லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்ததும் பாத்திரம் தேய்ப்பவர் வெர்லின் டாலிஃப்சன்; துடைத்து அடுக்குபவள் ஆர்டிஸ். வெர்லினை நன்றாக உற்றுப் பாருங்கள். மினசோட்டாவில் ஊருக்கு ஊர் தென்படும் ஓர் இனத்தின் அசல் மாதிரி அவர்: எந்தப் பேச்சையும் முன்வாசல் பின்வாசல் இரண்டும் வைத்துக் கட்டி, மாட்டிக்கொண்டால் பின்வாசல் வழியாக நழுவிவிடும் மோசமில்லை மனிதர்.

புயலில் கொட்டகைக் கூரை பறந்தபோது "லேசாக் காத்து" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு ஊதா அடித்தபோது "வித்தியாசமா இருக்கு" என்றார்; பாவம், அந்த மனிதர் மறுவாரமே வெள்ளை அடித்தார். மனைவி இருந்த காலத்தில் அவள் சமையலுக்கு வெர்லின் கொடுத்த உச்ச விருது "மோசமில்ல". தன் கால் எலும்பு முறிந்து படுத்தபோது வலியைப் பற்றி டாக்டரிடம் சொன்னதும் "மோசமில்ல". மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மதியம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கும் அதே. எது எதற்கென்று கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்டால் பழி யாருக்கு? கேட்டவருக்குத்தான்.

கணவனை இழந்த ஆர்டிஸ் சில வருஷமாக அவரோடு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடுகிறாள். அவள் எழுமுன் அவள் வாசல் பனியை அவர் தள்ளிவிட்டுப் போவதற்கு என்ன பொருள் என்பதைத் தானாகவே படித்துக்கொண்டவள்.

"வெர்லின், ஃபார்கோவுல அக்கா என்னைக் கூடவே வந்து இருக்கச் சொல்றா. நாளைக்குப் பதில் சொல்லணும்."

"ஃபார்கோவா... வித்தியாசமாத்தான் இருக்கும்."

"போகவா, வேண்டாமா?"

"அங்க காத்து கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்வாங்க."

போகாதே என்று அர்த்தம். அவளுக்கா தெரியாது? ஆனால் இன்று அர்த்தம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"நான் காத்தைப் பத்திக் கேக்கல. இங்கேயே இருந்தா என்னைக் கட்டிக்குவியா?"

தேய்த்த பாத்திரத்தையே வெர்லின் மறுபடி தேய்த்தார். "இதைவிட மோசமான யோசனையெல்லாம் கேட்டிருக்கேன்."

அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய காதல் வசனம் இதுதான். காது மட்டும் அவ்வளவு சிவந்து யாரும் பார்த்ததில்லை.

"அட மனுஷா! 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை இருக்கே, சொன்னா பல்லு கொட்டிடுமா?"

மேஜைத் தட்டில் எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு. கடைசித் துண்டை எடுப்பது அங்கே அநாகரிகம்; வந்தவர்கள் எல்லாம் பாதி வெட்டி, பாதி விட்டு, இப்போது அது நகக்கீற்று அளவுக்கு நிற்கிறது. ஆர்டிஸ் அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வெர்லின் திடுக்கிட்டுப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் "பார்க்கலாம்" என்றும், பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்திய மகனிடம் "உன் இஷ்டம்" என்றும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது யாரோ?

ஆர்டிஸ் துணியை உதறிக் கம்பியில் போட்டாள். கோட்டை மாட்டினாள்.

"அப்ப அக்காகிட்ட என்ன சொல்லட்டும்?"

வெர்லின் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"ரோட்டுல மான் நிக்கும். பாத்துப் போ."

உன் மேல் பாசம் என்பதை அந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்; இதற்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். சற்று நின்று பார்த்துவிட்டு, படியேறிப் போய்விட்டாள்.