நாலாம் நம்பரை நிறுத்தியவர்

பேருந்தால் பிழைக்கிறவர்களில் ஓட்டுகிறவர் ஓர் இனம், ஏறுகிறவர் இன்னோர் இனம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டிலும் சேராமல், அவருக்கு எப்படி ஓட்டுவது என்றும் இவருக்கு எங்கே ஏறுவது என்றும் சொல்லிக்கொடுத்துக் காசு பார்க்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பொதுப் போக்குவரத்துத் திட்ட ஆலோசகர் என்று பெயர்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பேருந்து வசதியை மேம்படுத்துவதற்கான கூட்டத்துக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியை எங்க நிறுத்தறது?" என்பதுதான். நிழலாக ஓர் இடம் பிடித்துக் காரை நிறுத்திவிட்டு, மேடையேறி, மக்கள் ஏன் காரை விட்டுவிட்டுப் பேருந்துக்கு மாற வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசுவார். அவருக்கென்று தனி அகராதியே உண்டு. கொட்டும் மழையில் அடுத்த பேருந்துக்காக நீங்கள் காத்துக்கிடந்தால் அது 'இடைமாற்று அனுபவம்'. பேருந்து வராமலே போனால் 'சேவை இடைவெளி'. அந்தப் பக்கம் பேருந்தே கிடையாது என்றால், வாழ்த்துகள், நீங்கள் 'நடைக்கு உகந்த பகுதி'யில் குடியிருக்கிறீர்கள்.

தென் செர்பியாவில் எங்கள் க்ருஷ்சிட்சா நகரத்துக்கு வாய்த்தவர் டாக்டர் விதோமிர் ப்ரோகிச். வாலிபத்தில் ஒரு வாரம் வியன்னாவுக்குப் பயிற்சிக்குப் போனார். அந்த ஒரு வாரத்தை இன்றுவரை செலவழித்துக்கொண்டிருக்கிறார். டீக்கடை மாதிரி ஒரு சின்ன நிறுத்தத்துக்குக் கூரை போடலாமா என்று கேட்டாலும், "வியன்னாவுல என்ன பண்ணினாங்க தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர், ஒருவரையும் கடிந்து பேசமாட்டார், மேஜையில் வரைபடத்தை விரித்து வண்ணப் பென்சிலால் அவர் கோடு இழுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என்ன, வரைபடம் தட்டையாக இருக்கும். எங்கள் ஊர் அப்படி இல்லை.

எந்தத் தடத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தடங்களைத் திருத்தி அமைக்கும் வேலையை நகராட்சி அவரிடம் கொடுத்தது. ஆள் வைத்து எண்ணுவதெல்லாம் பழைய காலம் என்று சொல்லி, பேருந்தின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார். அது வண்டி சுமக்கும் எடையைப் பார்த்து, அதை ஒரு மனிதனின் எடையால் வகுத்து, உள்ளே இத்தனை பேர் என்று சொல்லிவிடும். இந்த வேலைக்கு வந்த மானியத்தைச் செலவழிக்கக் கெடு நெருங்கியதால் செப்டம்பரில் எண்ணினார்கள்.

செப்டம்பர்! எங்கள் ஊரில் அந்த மாதம் எப்படி இருக்கும்? சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் மலை மலையாகக் குவிந்திருக்கும். குளிர்காலத்துக்கு ஐவார் என்கிற மிளகாய்த் தொக்கைக் கிளறாத வீடு உண்டா? வாங்கி, சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டுக் கிளறி, பாட்டிலில் அடைத்து முடிக்கும் வரை எவருக்கும் வேறு பேச்சே இருக்காது. சந்தைக்குப் போகும் ஒன்பதாம் நம்பரில் ஆளுக்கு இரண்டு மூட்டை, சிலருக்கு மூன்று. கருவி பாவம், அதற்கு மிளகாய் தெரியுமா, மனிதன் தெரியுமா? நிற்கும் மூட்டை, படுத்த மூட்டை, மடியில் உட்கார்ந்த மூட்டை எல்லாவற்றையும் பயணிகளாக எண்ணி வைத்தது.

"ஒன்பதாம் நம்பர்ல இவ்வளவு கூட்டமா?" என்று மேயரே வாயைப் பிளந்தார்.

"கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றார் விதோமிர்.

மிளகாய் சுடும் வாசனை சன்னல் வழியாகக் கூட்ட அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. மேயரின் விரல் நகங்களில் சிவப்பு இன்னும் போகவில்லை. இருந்தும் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. ஒன்பதாம் நம்பருக்கு இரட்டைப் பெட்டி வைத்த நீளப் பேருந்துகள் வேண்டும், அதற்காகக் குன்றின் மேலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் நாலாம் நம்பரை நிறுத்தலாம் என்று கைதட்டி முடிவு செய்தார்கள்.

நாலாம் நம்பர் தடத்தில்தான் விதோமிரின் மாமியார் ஸ்பாசெனியா இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதே பேருந்தில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சுத்தமான ரத்தத்தோடும் அழுக்கான வாயோடும் திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமை மகள் யஸ்னா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் விஷயம் வெடித்தது.

"மாப்பிள்ளை, நாலாம் நம்பரை நிறுத்திட்டீங்களாமே?"

"நிறுத்தல அத்தை. மறுசீரமைப்பு."

"அப்ப வருமா?"

"வராது."

"வராததுக்கு எங்க காலத்துல நிறுத்திட்டாங்கன்னுதான் சொல்லுவோம்."

விதோமிர் காகிதக் கைக்குட்டையை எடுத்து அதிலேயே கோடு போட்டார். "உங்க தெருமுனையில ஒன்பதுல ஏறுங்க. சந்தையில ரெண்டுக்கு மாறுங்க. ஆஸ்பத்திரி கீழ் வாசல்ல இறங்கிடலாம். தடையில்லாத இணைப்பு."

"கீழ் வாசல்லேர்ந்து?"

"படிக்கட்டு இருக்கு."

"டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவளுக்குப் படிக்கட்டா?"

"முடிஞ்சு வரும்போது இறங்கறதுதானே அத்தை."

"போகும்போது?"

விதோமிர் கைக்குட்டையைப் பார்த்தார். அதில் படிக்கட்டு ஒரு சின்னப் புள்ளியாக இருந்தது. யஸ்னா அவர் முன்னாலிருந்த ஐவார் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்களே அம்மாவ அந்தத் தடையில்லாத இணைப்புல கூட்டிட்டுப் போங்க. கார் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

இப்படித்தான் எங்கள் ஊர்ப் போக்குவரத்து ஆலோசகர், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாகப் பேருந்து ஏறினார். இறங்குகிற கதவில் ஏறினார். ஓட்டுநரிடம் டிக்கெட் கேட்டார். "இங்க விக்கறதில்லைங்க, யாரோ ஆலோசகர் சொல்லி நிறுத்திட்டாங்க. போன்லதான் வாங்கணும்" என்றார் ஓட்டுநர். போனில் வாங்கத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருக்கும்போதே பரிசோதகர் வந்துவிட்டார்.

"டிக்கெட்?"

"நான் யார்னு தெரியுமா?"

"தெரியும். டிக்கெட் இல்லாதவர்."

அபராதம் கட்டினார். ஸ்பாசெனியா தன் முதியோர் அட்டையைக் காட்டிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். அது நவம்பர் மாதம். நீளப் பேருந்தில் இவர்கள் இருவரையும் பரிசோதகரையும் தவிர ஈ காக்கை இல்லை.

"எங்க மாப்பிள்ளை உங்க கூட்டம்?"

"இது உச்ச நேரம் இல்ல அத்தை."

"காலங்காத்தாலயா?" கிழவி குனிந்து இருக்கைக்கு அடியில் கிடந்த காய்ந்த மிளகாய்க் காம்பு ஒன்றை எடுத்தார். "செப்டம்பர்ல இதே ஒன்பதாம் நம்பர்ல ரெண்டு மூட்டை இழுத்துட்டு வந்தேன். எடைய வெச்சு ஆளை எண்ணுறீங்கன்னு யஸ்னா சொன்னா. அப்ப நான் ரெண்டு பேரா, மூணு பேரா?"

விதோமிரின் காதுகள் மிளகாய் நிறத்துக்குப் போயின. சந்தையில் இறங்கும்போது இரண்டாம் நம்பர் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அடுத்ததற்கு நெடுநேரம் குளிரில் நின்று இடைமாற்று அனுபவத்தை அனுபவித்தார்கள். கீழ் வாசல் படிக்கட்டில் பாதி ஏறியதும் ஸ்பாசெனியாவின் பேச்சு நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது, மூச்சு வாங்கியது. அந்த வாய் பேசாமலிருந்து விதோமிர் பார்த்ததே இல்லை. அவருக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. மேலே ஓடி, ஆளைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

"இவ்வளவு லேட்டா வந்தா எப்படிம்மா?" என்றார் நர்ஸ். "இன்னொரு தடவை இப்படின்னா உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டியதாயிடும். காத்திட்டிருக்காங்க."

அந்த இடம் போனால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. விதோமிர் நேராக நகராட்சிக்குப் போனார். மேயரின் அறை வாசல் வரை போனார். உள்ளே போய் என்ன சொல்வது? 'நான் எண்ணியது மிளகாய்' என்று சொன்னால் போதும், நாலாம் நம்பர் திரும்பி வந்துவிடும். ஆனால் பக்கத்து ஊர் மேயர் அதே கருவியோடு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தாரே! கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கார் சாவியைக் கேட்டார்.

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் அவரே மாமியாரைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். இரண்டாம் வாரம், பழைய நிறுத்தத்தில் குளிரில் நின்ற இன்னொரு டயாலிசிஸ்காரரைப் பார்த்து, "நிறுத்துங்க மாப்பிள்ளை, அவரும் நம்ம ஆள்தான்" என்றார் ஸ்பாசெனியா. அப்புறம் ஊன்றுகோலோடு ஓர் அம்மாள். அப்புறம் சக்கர நாற்காலியோடு ஒருவர், அதை மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். நேரம் தவறினால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தெருவில் அந்தக் காருக்குப் பெயரே 'நாலாம் நம்பர்' ஆகிவிட்டது. காரில் இடம் கிடைக்காதவர்கள் இன்னமும் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறார்கள்.

இவர் இனம் லேசுப்பட்டதா? வசந்தகாலத்தில் ஒரு மாநாட்டில், 'தேவையறிந்து வரும் சிற்றூர்தி: க்ருஷ்சிட்சாவின் வெற்றி' என்று படம் போட்டுக் காட்டி விளக்கினார். மூன்று ஊர்கள் அவரை அழைத்திருக்கின்றன.

"ஏன் மாப்பிள்ளை, இதுக்குப் பேசாம நாலாம் நம்பரையே திருப்பி விட்டுடலாமே?" என்று காரில் கேட்டார் ஸ்பாசெனியா.

"அப்படியெல்லாம் எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்ய முடியாது அத்தை. அதுக்கு ஓர் ஆய்வு நடத்தணும்."

சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'மூட்டையின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கலாமே, ஒன்பதையே கொஞ்சம் வளைத்து ஆஸ்பத்திரி வழியாக விட்டிருக்கலாமே' என்று உங்கள் விரல் காற்றில் ஒரு கோடு போட்டதா, இல்லையா? போட்டிருந்தால் சொல்லுங்கள், நீங்கள் கடைசியாகப் பேருந்தில் ஏறியது எப்போது?