மலையில் வேலை நடக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். சாதாரண சௌக்கியம் இல்லை, மலையேறி இறங்கிய சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதில் பாதியாவது சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பல்பு மாற்றப் போய் நான் ஸ்டூலிலிருந்து விழுந்ததை மாடி வீட்டு அம்மாள் உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். உடனே நீயும், "அப்பா, உங்களால இனிமே தனியா இருக்க முடியாது. லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன், வீட்டைப் பூட்டிடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். எனக்கு எப்படி இருக்கும்? உன் அம்மா போன பிறகு சமையல், துணி, குழாய் ரிப்பேர் எல்லாம் யார் பார்த்தது? வேலையிலிருந்த காலமெல்லாம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று ஸ்பேனர் பிடித்தவன் நான். ஸ்டூலில் விட்ட மானத்தை மலையில் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். துணைக்கு ஸ்டூடியோக்காரர் வந்தார். உன் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குத் தலையே விழாமல் எடுத்தாரே, அவரேதான்.

என்னுடைய பழைய வேலைப் பையில் ரொட்டி, போர்வை, டார்ச், தைலம் எல்லாம் அடைத்துக்கொண்டேன். கூடாரம் அவர் பொறுப்பு. மத்தியானம் ஏற ஆரம்பித்தோம். பாதி வழியில் எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அவர், "லிஃப்டு, பேசாம திரும்பிடலாமாய்யா?" என்றார். "திரும்பிப் போய் என் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்? நடய்யா" என்றேன். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஏறினேன், கண்ணு. உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன், ஆனால் ஏறினேன். எங்களுக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பு அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் பேசிப் பேசிப் பூரித்துப்போனோம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சமதளத்தில் கூடாரத்தைப் பிரித்தால், அது கூடாரமே இல்லை. ஸ்டூடியோவில் பின்னால் தொங்குமே, அருவியும் இரண்டு அன்னமும் வரைந்த திரைச்சீலை! அவசரத்தில் சுருட்டியதை மாற்றித் தூக்கி வந்துவிட்டார். அதையே கேமரா ஸ்டாண்டின் மேல் போர்த்தி உள்ளே புகுந்துகொண்டோம். அருவிக்கு அடியில் படுத்தும் நனையாமல் தூங்கியவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

விடிந்ததும் உச்சிக்குப் போய் நின்றோம். ஒரே மூட்டம், எதிரே ஒன்றுமே தெரியவில்லை. காத்திருந்து பார்த்தும் விலகவில்லை. "பின்னாடி வெள்ளையா இருந்தா படம் எடுபடாதுய்யா" என்று சொல்லி, அந்தத் திரையை இரண்டு பாறைக்கு நடுவில் கட்டிவிட்டார் மனுஷன். "தாடையை இறக்கு, கழுத்தை லேசா சாய், சிரி" என்று ஒன்று விடாமல் சொல்லித்தான் எடுத்தார். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்தது என்று மாப்பிள்ளை சொல்வார், நம்பாதே. அன்னத்துக்குப் பின்னால் இருப்பது நிஜ மலை.

இறங்கி வந்தால் அடிவார கேட்டில் ஒரு பெருங்கூட்டம். முதுகில் மூட்டையோடு பையன்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காவலாளி போனில், "சார், மலைல என்ன வேலைன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது: "மேலே வேலை நடக்கிறது. யாரும் ஏறக் கூடாது." பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அது என் பலகை! மெக்கானிக் மேலே போனால் கீழே பலகையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது பட்டனை அமுக்கி ஆளை நசுக்கிவிடுவான். எங்கள் தொழிலில் அது முதல் பாடம். பையைத் தூக்கி மேலே கிளம்பியதும், என்னைக் கேட்காமலே கை அதை மாட்டியிருக்கிறது.

காவலாளி ஓடி வந்து, "ஐயா, மேல வேலை முடிஞ்சுதா?" என்றான்.

நான் பலகையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுதுப்பா. இனிமே தாராளமா ஏறலாம்" என்றேன்.

"ஆயில் விட்டிருக்கோம், பாத்துப் போங்க" என்றார் ஸ்டூடியோ. அத்தனை பேரும் எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஏறினார்கள் அம்மா!

ஆகவே உன் தகப்பன் ஒரு மலையை ஏறியதோடு, ஒரு ராத்திரி முழுக்க மூடியும் வைத்திருந்தவன். இப்படிப்பட்டவனுக்கு ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? நீ லீவைக் கெடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டாம். வீட்டையும் பூட்ட வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
மலையேறிய அப்பா

பின்குறிப்பு: மேலே மூட்டம் விலகக் காத்திருந்தபோது ஸ்டூடியோ ஒன்று சொன்னார். கடையைக் கைமாற்றிவிட்டாராம், மகனோடு போய்விடப் போகிறாராம். "கீழ வச்சு உன்கிட்ட சொல்ல வாய் வரலய்யா" என்றார். நேற்று அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில்தான் வாயைத் திறந்திருக்கிறேன். தனியாக இருக்க என்னால் முடியும் கண்ணு, அதில் சந்தேகமே வேண்டாம். இருக்கத்தான் பிடிக்கவில்லை. லீவு விடும்வரை காத்திருக்காதே, சீக்கிரம் வா.