பந்தைக் கொடுத்தேன், சம்பளம் போச்சு

1991, மார்ச் மாசச் சம்பள நாள். அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். கவரை வாங்கணும், பஸ் புடிச்சு வாலாஜாபாத் போகணும், அக்கா பையனுக்கு ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கணும்.

ஞாயித்துக்கிழமை அவனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவாங்க, தோடும் நான்தான் போடணும். அக்காவோட மாமியார் ஒரு மாசமா ஊர் முழுக்க, "தாய்மாமன் இன்னா கொண்டாறான்னு பாக்கத்தானே போறோம்"னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். அவங்க வாய்க்கு ஊரே பயப்படும். நான் ரொம்பவே பயப்படுவேன்.

ஒரகடம் ரோட்டுல கிளட்ச் கேபிள் செய்யற ஒரு சின்ன கம்பெனியில எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. மத்தியான இடைவேளையில கவர் கைக்கு வந்துச்சு. பிரிச்சேன்.

நூத்திப் பன்னெண்டு ரூபா!

கவரைக் கவுத்து உதறினேன். ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்துச்சு.

நேரா அக்கவுண்ட்ஸ் அருளப்பன் சார்கிட்ட ஓடினேன். "சார், யாரோ ஸ்வீப்பரோட மிச்சச் சம்பளம் என் கவர்ல வந்துடுச்சு."

"உன்னுதுதான் ஏழுமலை. வருமான வரி புடிச்சிருக்கோம்."

"வரியா? எனக்கா?"

அதுவரைக்கும் நான் வருமான வரியை, சுகர் மாதிரி, பணக்கார வியாதின்னு நெனச்சிருந்தேன்.

"எதுக்கு சார்?"

"பந்துக்கு."

இப்ப அந்தப் பந்துக் கதையைச் சொல்லியே ஆகணும்.

எங்க முதலாளி வாலிப வயசுல மாநில அணிக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடினவர். அதுல ஏழு விக்கெட். அந்தப் பந்துக்குப் பித்தளை வளையம் போட்டு, பேரு பொறிச்சு, ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாரு. பம்பாய்க்காரர் ஒருத்தர் கார் விலைக்குக் கேட்டும் குடுக்கலையாம். ஆயுதபூஜைக்குத் துடைக்க வெளிய எடுத்தாங்க. அதோட காணாமப் போச்சு. முதலாளி ரெண்டு நாள் சாப்பிடலைன்னு கேள்வி.

அந்த வாரம் நான் வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வூட்டுக்கு எடுத்துக்கினு போனேன். மெஷின் துடைக்கிற துணிதானே, வீட்டுக்காகும்னு. மூட்டையைப் பிரிச்சது என் சம்சாரம் மல்லிகா. உள்ள ஒரு சிவப்புப் பந்து இருந்திருக்கு. மாட்டறதுக்கு வாகா வளையம் வேற! பச்சை மொளகா, படிகாரத்தோட சேத்து திருஷ்டிக்கு வாசல்ல கட்டித் தொங்கவிட்டுட்டா.

மூணு மாசம்! தினம் ரெண்டு தடவை அதுக்குக் கீழதான் குனிஞ்சு போய் வந்தேன். கேபிள்ல தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபுடிக்கிற குவாலிட்டி செக்கர் நான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழட்டினப்பதான் வளையத்துல இருந்த பேரைப் படிச்சேன். எங்க முதலாளி பேரு! மறுநாளே கொண்டுபோய்க் குடுத்து, நடந்ததை மறைக்காம சொன்னேன். முதலாளி பந்தைக் கன்னத்துல வெச்சுக்கினு அழுதுட்டாரு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மூணு மாசமா திருஷ்டி எதுவும் படலையே?"ன்னு கேட்டாரு.

"இல்ல சார்."

"அதான் என் பந்து!"

கம்பெனியில விழா வெச்சு மாலை போட்டாங்க. பரிசா ஃபிரிட்ஜ், குக்கர், சுவர்க் கடிகாரம், மல்லிகாவுக்குப் பட்டுப்புடவை. எங்க தெருவுக்கே அதான் மொதல் ஃபிரிட்ஜ். வந்த நாள்லேர்ந்து அதுல எங்க பொருள் வெக்க இடமே இல்ல. தெரு மொத்தமும் இட்லி மாவுத் தூக்கோட வந்து நிக்கும்.

சரி, அருளப்பன் சாருக்கு வருவோம்.

"தொழிலாளிக்குக் கம்பெனி பொருளாக் குடுத்தாலும் அது சம்பளம்தான்பா. அதைச் சேத்ததும் நீ வரி வரம்பைத் தாண்டிட்ட. மார்ச் மாசம், வருஷக் கடைசி, மொத்தமாப் புடிச்சுட்டோம்."

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன் சார். குக்கர்ல மட்டும் ரப்பர் போயிடுச்சு."

"குடுத்தாலும் வரி வரிதான். முதலாளியை வேணா பாரு."

மாடி ஏறினேன். அருளப்பன் சாரும் ஃபைலோட பின்னாலயே வந்தாரு. முதலாளி கேட்டுட்டு மேஜையைக் குத்தினாரு.

"அநியாயமா இருக்கே! அந்த வரியை நானே கட்டறேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அருளப்பன் சார் மெதுவா இருமினாரு.

"சார், அவர் வரியைக் கம்பெனி கட்டினா, அதுவும் அவருக்கு வருமானம். அதுக்கும் வரி உண்டு."

"அதையும் நான் கட்டறேன்யா!"

"அதுக்கும் உண்டு சார்."

"அதையும்!"

"கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுக்கினே போகும் சார். ஆனா முடியாது."

முதலாளி என்னைப் பரிதாபமாப் பார்த்தாரு. எனக்கு அவமானமா இருந்துச்சு. காதுகுத்துல அக்கா மாமியார் எல்லார் முன்னாடியும் என் வெறுங்கையைப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சதும் தோட்டு விஷயத்தையும் சொல்லிட்டேன்.

முதலாளி எழுந்தாரு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாரு. பந்தை எடுத்து என் முன்னால நீட்டினாரு.

"இந்தா ஏழுமலை. இதை வித்துத் தோடு வாங்கு. நேர்மைக்கு முன்னால இது எனக்குப் பெருசில்ல!"

அருளப்பன் சார் பேனாவைத் திறந்தாரு. "சார், இதோட மதிப்பு கார் விலைதானே?"

என் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். "ஐயோ வேணாம் சார்!"

"வாங்கிக்கோப்பா, கூச்சப்படாதே."

"சார், காலைப் புடிச்சுக் கேக்கறேன். குடுத்துடாதீங்க!"

அவர் மேஜையைச் சுத்தி என் பக்கம் வந்தாரு. நான் மேஜையைச் சுத்தி அந்தப் பக்கம் போனேன். ரெண்டு ரவுண்டு ஓடியிருப்போம். ஏழு விக்கெட் எடுத்த கை, தூக்கிப் போட்டுடுவாரோன்னு பயம் வேற.

கடைசியில அருளப்பன் சார்தான் குறுக்க நின்னாரு. "சார், ஒரே வழி இருக்கு. தோட்டுக்குப் பணத்தைக் கடனாக் குடுத்துடலாம். கடன் வருமானம் இல்ல. வரியும் இல்ல."

ஆக, சம்பளத்தையே முழுசா வாங்காத நான் அடுத்த நாலு மாசச் சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, ஆயிரம் ரூபா வாங்கிக்கினு வெளிய வந்தேன். அன்னைக்கு என்னைவிட சந்தோஷமாக் கடன் வாங்கினவன் ஒரகடத்துலயே இருந்திருக்க மாட்டான்.

தோட்டை வாங்கிட்டு வூட்டுக்குப் போனா, மல்லிகா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா. "பந்து வாசல்ல தொங்குன வரைக்கும் நமக்கு ஒரு கெடுதலும் வரல. நீதான் கழட்டிக்கினு போய்க் குடுத்த."



ஞாயித்துக்கிழமை காதுகுத்து ஜோரா நடந்துச்சு. பையன் என் மடியில உக்காந்து என் வேட்டியை நனைச்சான். தோட்டை அக்கா மாமியார் உள்ளங்கையில வெச்சுத் தூக்கிப் பார்த்தாங்க. வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாங்க. "பரவால்ல, வெயிட்டாத்தான் கீது"ன்னாங்க. எனக்கு மறுபடியும் மாலை போட்ட மாதிரி இருந்துச்சு!

அந்தக் குஷியில அக்கா வூட்டுக்காரர் உள்ள போய் ஒரு தட்டோட வந்தாரு. பட்டு வேட்டி, வெள்ளி டம்ளர், மேல ஒரு கைக்கடிகாரம்.

"இந்தா மாப்ள, இது எங்க சார்பா உனக்கு!"

நான் ரெண்டடி பின்னால போனேன். சபையே என்னைப் பார்த்துச்சு.

"மாமா, அன்பளிப்புன்னா அப்படியே உள்ள வெச்சிடுங்க. கடன்னு சொல்லிக் குடுங்க, வாங்கிக்கறேன்."