வாழ்க்கைக் குறிப்பில் ஒரு கழுதை

"சார், பின்னட்டைக்கு நீங்க அனுப்பின வாழ்க்கைக் குறிப்பு வந்துச்சு. படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துடுச்சு" என்றார் பதிப்பாசிரியை, போனில்.

வாத்து மாமா தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டார். குழந்தைகளுக்காக அவரே எழுதி அவரே படமும் போட்ட முதல் புத்தகம் ஒரு நொண்டி வாத்தைப் பற்றியது. அது அமோகமாக விற்றதில் சொந்தப் பெயர் போய் வாத்து மாமா ஆகிவிட்டார். அதன் பிறகு தவளை, நத்தை, வௌவால் என்று எதையெதையோ போட்டுப் பார்த்தார். ஒன்றும் போணியாகவில்லை. இப்போது கழுதைக் கதை. இதுவும் படுத்துவிட்டால் இனிப் பாடநூலுக்குப் பூவின் பாகங்கள் வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்று பதிப்பகத்தில் நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள்.

"நடந்ததைத்தானேம்மா எழுதியிருக்கேன்?"

"பிறந்தார், படித்தார், வரைகிறார். இவ்வளவுதானா சார்? சின்ன வயசுல உங்களுக்கு எதுவுமே நடக்கலையா?"

"பொன்னுக்கு வீங்கி வந்தது."

"சார்!"

மேஜைமேல் அட்டைப்படத்துக் கழுதை பாதி வண்ணத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"வீட்ல ஒரு கழுதை வளர்த்தோம். அதான் எனக்கு முதல் சிநேகிதன்."

"அய்யோ, இதைப் போய் விட்டுட்டீங்களே!"

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டு நாய் கொட்டாவி விட்டாலே நீங்க நடுங்குவீங்க. கழுதை வளர்த்தாராம், கழுதை!"

"பின்னட்டையை எவன் படிக்கப் போறான்? விடு."

எல்லோரும் பின்னட்டையைத்தான் படித்தார்கள். கதையைப் படித்தார்களா என்பதுதான் சந்தேகம். புத்தகம் மளமளவென்று விற்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போனவருக்கு ஒரு கேள்விகூடக் கதையைப் பற்றி வரவில்லை.

"மாமா, உங்க கழுதை பேர் என்ன?"

"பேரா... பஞ்சு."

"பஞ்சு என்ன சாப்பிடும்?"

அவர் கண்ணில் ஆசிரியையின் மேஜைமேல் இருந்த நோட்டுக் கட்டு பட்டது. "என் வீட்டுப்பாட நோட்டைத் தின்னுடும்."

வகுப்பு ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சு மழையில் நனையாது, பஞ்சு பாட்டுக் கேட்டால் காதை ஆட்டும் என்று அடித்துவிட்டார்.

மறுவாரம் அந்த ஆசிரியை போன் செய்தார். குரலில் சிரிப்பில்லை.

"சார், இப்ப என் வகுப்புல யாருமே வீட்டுப்பாடம் கொண்டு வர்றதில்ல. கேட்டா கழுதை தின்னுடுச்சுங்கறாங்க. எல்லாரும் அடுக்குமாடியில இருக்கற பிள்ளைங்க சார்!"

இதோடு இதை முடித்துக்கட்ட வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். பஞ்சு ஒருநாள் எங்கோ போய்விட்டது, பிறகு வரவே இல்லை என்று பதிப்பகம் மூலமாக அறிவித்தார். அவ்வளவுதான். குழந்தைகள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் கேரட்டோடு வீட்டுக்கே வந்தார்கள். மனைவி நாள் தவறாமல் கேரட் சமைத்தாள்.

அடுத்து பதிப்பாசிரியை கூப்பிட்டார். "சார், இரண்டாம் பதிப்பு போடறோம். நீங்களும் பஞ்சுவும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ ஒண்ணு வேணும்."

"போட்டோ இல்லம்மா."

"அப்ப நீங்க குழந்தையா இருக்கும்போது வரைஞ்ச படமாவது இருக்குமே?"

இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையில் மெழுகு வண்ணக்குச்சியைப் பிடித்து, கழுதை மாதிரியும் பெட்டி மாதிரியும் ஒன்றை வரைந்தார். காகிதத்தை டீயில் தோய்த்து, விசிறிக்கு அடியில் காயவைத்து, நான்காக மடித்துப் பிரித்தார். பார்க்க அசல் பழசாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டு வேறெந்தப் படமும் அவர் போட்டதில்லை.

பின்னட்டை முழுக்க அந்தப் படம் வந்தது. ஒரு பத்திரிகையில் மதிப்புரைகூட எழுதினார்கள். இவருடைய இப்போதைய ஓவியங்களில் இல்லாத உயிர் இந்த மழலைக் கோட்டில் இருக்கிறது என்று போட்டிருந்தது. மாமா அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பதிப்பகம் விழா எடுத்தது. மேடையில் நிறுத்துவதற்கு நிஜக் கழுதையே ஏற்பாடாகிவிட்டது. கழுதையைவிடப் பெரிய செய்தியை மனைவிதான் கொண்டுவந்தாள்.

"உங்க அண்ணன் கப்பல்லேர்ந்து லீவுல வந்திருக்காராம். விழாவுக்கு வர்றேன்னு போன் பண்ணினார்."

அண்ணன் மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர். மனதில் பட்டதை அங்கேயே போட்டு உடைக்கிற ஆள். மாப்பிள்ளை போட்டிருக்கும் கோட்டு தன்னுடையது என்று தம்பியின் கல்யாணத்திலேயே சபையறியச் சொன்னவர். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

"அவர் எழுந்து 'ஏதுடா கழுதை'ன்னு கேட்டா என்ன பண்றது?"

"அவர் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "அந்தப் பிள்ளைங்க உங்களை நம்புதுங்க. பாவமா இருக்கு எனக்கு."

விழாவன்று அண்ணன் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையின் ஒரு மூலையில் கழுதை நின்றது. அதற்கு நேர் எதிர் மூலையில் மாமா நின்றார். அரங்கு நிறையக் காகிதத்தில் காது செய்து மாட்டிக்கொண்ட குழந்தைகள். அவர்களைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் இருமியபடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததும் மாமா மைக்கைப் பாய்ந்து பிடித்தார்.

"பிள்ளைகளா, என்னை மன்னிச்சிருங்க. எங்க வீட்ல கழுதையே கிடையாது. பஞ்சுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. அந்தப் படம்கூடப் போன மாசம் வரைஞ்சதுதான். நான் சொன்னதெல்லாம் பொய்."

காகிதக் காதுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள். பதிப்பாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாம் பதிப்பு, அடுத்த புத்தகம், எல்லாம் போயிற்று என்று தெரிந்தும் மாமாவுக்கு மனசு லேசாகிவிட்டது. இனி யார் எழுந்து என்ன சொன்னால் என்ன?

முதல் வரிசையில் அண்ணன் கோபமாக எழுந்தார்.

"ஏன்டா குழந்தைங்க முன்னாடி இப்படிப் பொய் சொல்றே? நீ நடை பழகினதே அந்தக் கழுதை வாலைப் புடிச்சுக்கிட்டுத்தானேடா!"