ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கொள்ளாத கார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீ எங்கள் தலையில் கட்டிய கார் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவி மக்களும், உன் கார் எலக்ட்ரிக்கல் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடைக்கு வரும் வண்டிகளின் சௌக்கியத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. ஆசீர்வாதத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

"நான் ஓட்டின வண்டி அத்தான், கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கோங்க" என்றாய். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். இப்போது வண்டி கதவை மூடிக்கொள்கிறது. ரிமோட்டை அழுத்தினால் நாலு கதவின் பூட்டும் டக்கென்று விடுபடுகிறது, நான் கைப்பிடியைத் தொடுவதற்குள் மறுபடி டக்கென்று விழுந்துவிடுகிறது. அழுத்துகிறேன், திறக்கிறது, தொடுகிறேன், பூட்டுகிறது. புகார்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து எத்தனையோ பேரை ஆட்டிவைத்த என்னை, நடுத்தெருவில் ஒரு காரோடு கண்ணாமூச்சி ஆட வைத்துவிட்டாய். சாவியைப் போட்டுத் திறக்கலாமே என்பாய். கதவின் சாவித் துவாரம் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கிறது, சாவி போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. கொடுக்கும்போது அதையும் நீ சொல்லவில்லை.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று உனக்குத் தோன்றும். நான் ஓய்வு பெற்றாலும் ஆபீஸ் என்னை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால்தான் அங்கே வேலை வேலையாக நடக்கும். நான் போய் இறங்கும்போது என் பழைய பிரிவின் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். அவ்வளவு கவனமாக வேலை செய்கிறார்கள், எல்லாம் நான் பழக்கிய ஒழுங்கு. அதைக் கெடுக்க மனம் வராமல் வாசலில் காவலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு உருப்படியாக நாலு விஷயம் சொல்லிவிட்டு மதியம் திரும்புவேன். கொஞ்ச நாளாக அதற்கும் வழியில்லை. நானில்லாமல் என்ன பாடு படுகிறார்களோ. பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் மேற்பார்வையாளராக இருந்தவன் பஸ்ஸிலிருந்து பிதுங்கிக்கொண்டு இறங்கினால் அங்கே எவன் மதிப்பான்?

பழுதைக் கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை என்பதால் முதலில் நானே இறங்கினேன். ரிமோட்டின் பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. ஒரு ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், ஹாரன் போய்விட்டது. பிறகு தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கழுத்தில் எந்நேரமும் மீட்டரை மாட்டிக்கொண்டு திரிவதால் அவனுக்கு மீட்டர் என்றே பேர். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயரைக் காட்டி, "கதவத் தொறந்து மூடி உள்ள ஒயர் ஒடிஞ்சிருக்கும் சார், நான் பாக்காததா" என்றான். ரப்பரைக் கிழித்துப் பார்த்தால் ஒயர் புத்தம் புதிதாக இருந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றி, பூட்டை இழுக்கும் மோட்டாரை வெளியே எடுத்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, திருப்பி மாட்டிய பிறகு கண்ணாடி மட்டும் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. கடைசியில் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு, காலைத் தெருவில் நீட்டியபடி, "சார், இதோட இன்னொரு சாவி எங்க இருக்கு?" என்று கேட்டான். அது பீரோவில் உன் அக்காவின் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வந்த வேலையைப் பார் என்று ஒரு அதட்டல் போட்டேன். மறுபடி ஒயரைக் குடைய ஆரம்பித்தான்.

இதில் வேடிக்கையைக் கேள். மீட்டர் பக்கத்தில் இருந்தால் வண்டி ஒருநாளும் பூட்டிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அக்காவோடு கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பரம சாது. நான் தனியாக ஆபீஸுக்குக் கிளம்பும்போதுதான் முறுக்கிக்கொள்கிறது. தீர ஆராய்ந்து காரணத்தைப் பிடித்துவிட்டேன்: காலை வெயில் சாய்வாக விழுந்து ஒயர் விரிவடைகிறது. கடைத்தெருவுக்கு நாங்கள் போவது மாலையில். இதை மீட்டரிடம் விளக்கினேன். அவன் டீ குடிக்கப் போய்விட்டான், இன்னும் திரும்பி வரவில்லை.

நேற்று டிக்கிக்குத் தனித் துவாரம் இருப்பதும் அதில் சாவி திரும்புவதும் தெரிந்து, அதன் வழியாக ஊர்ந்து பின் சீட்டைத் தாண்டப் பார்த்தேன். பாதி உடம்பு உள்ளே போன சமயம் தலைக்கு மேல் டக்கென்று சத்தம். பயந்து நிமிர்ந்ததில் இடுப்பு மாட்டிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் வந்து என் காலைப் பிடித்து இழுத்தார், சட்டைப் பொத்தான்கள் அத்தனையும் தெறித்தன, ஒரு செருப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது. உன் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "மாட்டிக்கிட்டீங்களா? மெதுவா வாங்க, டீ ஆறுது" என்கிறாள். வேறு வீடாக இருந்தால் பெண்டாட்டி பதறியிருப்பாள். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் பதற்றமே வராது போலிருக்கிறது, வண்டி கொடுத்தவர் உட்பட.

ஆகவே இந்த வாரமே நீ நேரில் வந்து சரி செய்ய வேண்டும். தவறினால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து உன் கடை வாசலில் போட்டுவிட்டுப் போவேன், பிறகு இந்த ஜன்மத்தில் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். மற்றபடி உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்கும் உண்டு, வண்டி சரியானதும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு நிற்கும்
உன் அத்தான்

பி.கு. தம்பி, இதை எழுதுவது அக்கா. தபாலில் போடச் சொல்லி உன் அத்தான் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். உன் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அந்த இன்னொரு சாவி பீரோவில் இல்லை, அதன் ரிமோட்டோடு என் இடுப்பில் இருக்கிறது. அவர் கீழே திறக்கிறார், நான் மாடியிலிருந்து பூட்டுகிறேன்.

போன மாதம் படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். கொடுக்கலாம் என்று பின்னாலேயே போனேன். காவலாளி தூங்கிக்கொண்டிருந்தான், இவர் அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கவாட்டு வழியாக ஆபீஸுக்குள்ளே போனால், நான் யாரென்று தெரியாமல் ஒரு பொண்ணு சொல்கிறாள்: "வாசல்ல ஒரு பெருசு தினம் வரும்மா. கார் சத்தம் கேட்டதும் உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுருவோம்." கண்ணாடியைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். இதை அவரிடம் எந்த வாயால் சொல்ல? எனக்குத் தாங்கவில்லை. பூட்டின கதவைத்தான் பார்க்க வேண்டுமென்றால் நம் வீட்டு வாசலில் பார்க்கட்டும், இங்கே டீயாவது கிடைக்கும்.

நீ வா. இது லேசில் பிடிபடாத பழுது என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாலு நாள் வண்டியைப் பிரி. வெயில், ஒயர் என்று அவர் என்ன சொன்னாலும் உம் கொட்டு. வரும்போது ரிமோட்டுக்கு ஒரு புது பேட்டரி வாங்கி வா. என்னுடையது தீரப் போகிறது, இன்று காலை கிட்டத்தட்ட ஏறிவிட்டார்.