குழம்புக்குப் போன கட்டை

வாழ்க்கையில் ஒரே ஒரு விறகைத்தான் நான் எரித்திருக்கக் கூடாது. மற்றபடி நான் செய்த கோமாளித்தனங்களையெல்லாம் காலம் மன்னித்துவிட்டது. சிலவற்றை என் மனைவியும் மன்னித்துவிட்டாள். அந்த ஒரு விறகை மட்டும் எங்கள் குடும்பம் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அணையவிடாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, குடும்பத்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே முதலில் சொல்லிவிடுகிறேன். என் பங்குக்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அது கடைசியில்.

அறுபதுகளின் பின்பாதி. என் அக்கா சரசுவைக் காளப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் குப்புசாமி மச்சான் அரிசி ஆலை வைத்திருந்தார். ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட ஜீப் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது அது ஒன்றுதான். நான் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயது இருபத்து நாலு. (பார்க்க நாற்பது மாதிரி நடந்துகொள்வேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே.)

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கும் மச்சானுக்கும் ஜீப்தான். காலையில் அதை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், ஆளுக்கொரு பக்கம் அடியில் படுத்துக்கொள்வோம். பிளக்கைக் கழற்றித் துடைப்போம், கிரீஸ் அடிப்போம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். கெட்டுப்போனதைச் சரி செய்வது பாதி நேரம். நன்றாக இருந்ததைக் கெடுப்பது மீதி நேரம். பிந்தையதற்கு மச்சான் வைத்த பெயர் ‘முன்னேற்றம்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி ஹாரன் மாட்டினோம். அதை அடித்தால் ஆலைக்குப் பின்னாலிருந்த எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு பம்பரை முன்னால் பொருத்தினோம். அது ஜீப்புக்கு முன்னால் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேண்ட் பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்பிரிங் மிச்சமாகிவிட்டது.

“இது எங்கீங்க போவும்?” என்றேன்.

“இல்லாமயே நிக்கிதல்ல, அப்பறம் எதுக்கு?” என்றார் மச்சான்.

நின்றது சமதரையில். அன்று முதல் ஹேண்ட் பிரேக் கம்பி அக்காவின் கூடையை மாட்டத்தான் பயன்பட்டது. மேட்டில் வண்டியை நிறுத்த வேண்டுமானால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை வைத்திருந்தார் மச்சான். லாரிக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே மாதிரி. புளியமரத்துக் கட்டை, முக்கோணமாகச் செதுக்கியது, ஆலையில் கிடந்து வருஷக்கணக்காகக் கிரீஸும் எண்ணெயும் குடித்துக் கறுத்தது. வண்டி நின்றதும் குதித்துப் போய்ச் சக்கரத்தில் கட்டை போடுவது என் வேலை.

மச்சானுக்கு ராஜாமணி என்று ஒரு தங்கை. எனக்கு அவள் மேல் ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும், யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. ஒருநாள் கிரீஸ் கையோடு மச்சான் சொன்னார்:

“மாப்ள, வார ஞாயித்துக்கெழம எல்லாரும் கொல்லிமலைக்குப் போறோம். வண்டி பத்தரமா ஏறி எறங்கட்டும். கட்டைக்கு நீதான் பொறுப்பு. அப்பறமா உன்ற விசயத்தப் பேசிக்கலாம்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கட்டையைச் சரியாகப் போட்டால் ஒரு கல்யாணம். கணக்கு இவ்வளவு சுலபமாக எனக்கு வாய்த்ததே இல்லை.

போனவர்கள் ஐந்து பேர். மச்சான், அக்கா, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை வள்ளி, ராஜாமணி, நான். ஆறாவதாக அக்காவின் சின்ன அம்மிக்கல். எங்கே போய்ச் சமைத்தாலும் அவளுக்கு அவளுடைய அம்மியில் அரைத்தால்தான் குழம்பு ருசிக்கும். “இந்தக் கல்லையுமா மலைக்குத் தூக்கோணும்?” என்று முனகிக்கொண்டே ஏற்றினேன். அதற்காக அந்த அம்மியிடம் பிற்பாடு மனதார மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று இப்போது நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என் இடுப்புதான் எண்ணியது. மண் ரோடு, குறுகல். புது பம்பரின் புண்ணியத்தில் எந்த வளைவிலும் ஜீப் ஒரே வீச்சில் திரும்பாது. நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். மச்சான் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதிப்பதற்குள் வண்டி பின்னால் உருளும். அதற்குள் நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். ஒரு வளைவில்கூட நான் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் ராஜாமணி பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். மலை மேலே செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மச்சான் என் முதுகில் தட்டினார். பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து தேவனூர் நாட்டுப் பக்கம் போனோம். மச்சானுக்கு மிளகு கொடுக்கும் செல்லன் என்ற விவசாயி அங்கே இருந்தார். ஓடையோரம் ஒரு நல்ல இடத்தைக் காட்டிவிட்டு, “வெறகெல்லாம் மழையில ஊறிக் கெடக்குதுங்க, பாத்துக்கோங்க. நான் போயிப் பலாப்பழம் கொண்டாரேன்” என்று காட்டுக்குள் போனார். வெட்டிக்கொள்ள ஒரு கொடுவாளையும் விட்டுவிட்டுப் போனார்.

அக்கா கோழியை நறுக்கி, மசால் அரைத்து, கல் கூட்டி அடுப்பு வைத்தாள். மச்சான் பாறை மேல் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். அடுப்பு என் பொறுப்பு, ஊதுவது ராஜாமணி. ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ஒரு மணி நேரம் ஊதி, இரண்டு பேரும் கண் சிவந்து, மூக்கு ஒழுகி உட்கார்ந்திருந்தோம். குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது.

அப்போது என் புத்தியில் ஒரு வெளிச்சம் தட்டியது. (குடும்பத்தில் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார்கள்.) கட்டை எதற்கு? ஏறும்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்க. இனிமேல் என்ன செய்யப் போகிறோம்? இறங்கப் போகிறோம். இறங்குகிற வண்டி எப்படிப் பின்னால் உருளும்? ஆகவே கட்டை இனித் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் முக்கோணம் நடத்துகிறவனின் தர்க்கம் அது.

கொடுவாளால் நாலாகப் பிளந்து வைத்ததும் கட்டை திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. அத்தனை வருஷத்து எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. அப்படியொரு குழம்பு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வைக்கவே இல்லை. மச்சான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

செல்லன் கொடுத்த பலாப்பழத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மத்தியானம் கிளம்பினோம். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. முதல் இறக்க வளைவில் பம்பர் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் நின்றது. மச்சான் திரும்பாமலே சொன்னார்:

“மாப்ள, முன்சக்கரத்துக்குக் கட்டையப் போடு. பின்னால எடுக்கோணும்.”

முன்சக்கரத்துக்கு.

இறங்கும்போது வண்டி முன்னால் உருளும் என்ற எளிய உண்மை அந்தக் கணத்தில்தான் எனக்கு உதித்தது. குதித்தேன். நல்லவேளையாக ரோட்டோரம் ஒரு கல் கிடந்தது. உருட்டி வைத்தேன். வண்டி பின்னால் ஏறித் திரும்பியது. மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லை மறுபடி தூக்கி ஏற்றுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டேன்.

இரண்டாவது வளைவு புதிதாக வெட்டிய இடம். ஒரு பக்கம் செம்மண் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. “போடு மாப்ள” என்றார் மச்சான். கைக்கு அகப்பட்டது பலாப்பழம். அதையே இழுத்துக்கொண்டு போய் முன்சக்கரத்தின் கீழ் வைத்தேன்.

மச்சான் பிரேக்கை விட்டார். சக்கரம் பலாப்பழத்தின் மேல் ஏறியது. பழம் ‘பொதக்’கென்று உட்கார்ந்தது. வண்டி சுளைகளின் மேல் வழுக்கிக்கொண்டு ஒன்றரை அடி முன்னால் போனது. மச்சான் மறுபடி பிரேக்கை மிதித்தபோது பம்பர் முழுக்க அந்தரத்தில் இருந்தது. முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் மண். அந்த மண்ணும் மழையில் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. அது கீழே போய் விழும் சத்தம் கேட்கவே இல்லை.

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. அக்கா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், குழந்தை அழவே இல்லை என்றாலும்.

“சரசு, கொழந்தையத் தூக்கீட்டு பின்னால மெதுவா எறங்கு” என்றார் மச்சான். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“நீங்க?” என்றாள் அக்கா.

“நான் கால எடுத்தா வண்டி போயிரும். நீ எறங்கு சாமி.”

அக்கா இறங்கினாள். ராஜாமணி இறங்கினாள். பாரம் குறையக் குறைய வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடியது. மச்சானின் வலது கால் முட்டிக்கு மேலே நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தக் கால் அலுத்துப்போனால் என் அக்கா தாலி இழப்பாள். நான் முன்சக்கரத்துக்கு முன்னால் இருந்த அந்த ஒரு சாண் மண்ணில் போய் மட்கார்டுக்குத் தோள் கொடுத்து நின்றேன். நின்ற இடத்தில் என் குதிகால் பாதி காற்றில் இருந்தது. வண்டி உருண்டிருந்தால் எனக்கும் பலாப்பழத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. அழுகை வந்தது. அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“மாப்ள, கட்டை எங்க?” என்றார் மச்சான்.

“கொழம்புக்குப் போயிருச்சுங்க.”

மச்சான் பிரேக்கை இன்னும் ஒருமுறை அழுத்தி மிதித்தார்.

“யாரு வெச்சது?”

“நான்தானுங்க மச்சான்.”

அதற்குள் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம். ராஜாமணி ஜீப்பிலிருந்து அம்மியை உருட்டி இறக்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தனியாளாகச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, அக்கட்டப் புடியுங்க” என்று மறுமுனையை எனக்குக் காட்டினாள். இரண்டு பேருமாக அதைச் சக்கரத்துக்கு முன்னால் நெட்டுக்குத்தாக வைத்து, மண்ணில் அழுத்தி, குழவியைப் பின்னால் முட்டுக் கொடுத்தோம். “விடுங்கண்ணா” என்றாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை விட்டார். அம்மியின் ஒரு மூலை உடைந்து தெறித்தது. ஆனால் அம்மி நின்றது. ஜீப் உறுமிக்கொண்டு பின்னால் ஏறியது.

மிச்சமிருந்த எல்லா வளைவுகளிலும் நானும் ராஜாமணியும் ஆளுக்கொரு முனையில் அம்மியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைத்தோம், எடுத்தோம், ஓடினோம். அக்கா வண்டியில் ஏற மாட்டேன் என்று குழந்தையோடு நடந்தே வந்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு அடிவாரம் வந்தது. மச்சான் இன்ஜினை நிறுத்தினார். ஆனால் அவரால் இறங்க முடியவில்லை. கால் பிரேக்கிலேயே மரத்துப்போயிருந்தது. நான்தான் அதை இரண்டு கையாலும் தூக்கி எடுத்துக் கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. மூன்றாவது ஞாயிறு மச்சானே என் அறைக்கு வந்தார். அந்த மிச்ச ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்தார். “இது எங்க போவும்னு கண்டுபுடிச்சுட்டேன். வா, மாட்டலாம்” என்றார். அடியில் படுத்துக்கொண்டிருக்கும்போது, “தை மாசம் வெச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்தில் அம்மி மிதிப்பது கிடையாது. மச்சான் வலியக் கொண்டுவந்து வைத்தார், அதே மூலை உடைந்த அம்மியை. “பொண்ணும் மாப்ளயும் ஆளுக்கொரு பக்கம் புடியுங்க, வளைவு வருது” என்று அவர் சொன்னதும் பந்தல் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது கார் வாங்கினால், பூஜை முடிந்ததும் என்னிடம் சாவியைக் காட்டி, “வெறகு எதுவும் வேணுமுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

இனி என் திருத்தம்.

கட்டைப் பொறுப்பில் தோற்றவனுக்கு எதற்காகப் பெண் கொடுத்தீர்கள் என்று பல வருஷம் கழித்து மச்சானிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “வண்டி தொங்கிட்டு இருக்கறப்ப யாரு வெச்சதுன்னு கேட்டேன். மறைக்காம நான்தானுங்கன்னு சொன்னே பாரு. அப்பவே முடிவு பண்ணீட்டேன். உண்மையச் சொல்றவனுக்குத்தான் தங்கச்சியக் குடுக்கோணும்.”

அன்று அந்த ஓடையோரத்தில், “எறங்கறதுக்குக் கட்டை எதுக்குங்க?” என்று அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டது நான் இல்லை. எனக்கு முந்தி ஜீப்புக்குப் போய் அதை எடுத்து வந்ததும், கொடுவாளால் நாலாகப் பிளந்ததும், அடுப்பில் செருகியதும் நான் இல்லை. அது சரியான கணக்குதான் என்று தலையாட்டியது மட்டும்தான் நான். என் வாழ்க்கையில் மச்சானிடம் சொன்ன ஒரே பொய்க்குத்தான் அவர் எனக்குப் பெண் கொடுத்தார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. மச்சானுக்கு இப்போது தொண்ணூறை நெருங்குகிறது, கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் நான் எது எழுதினாலும் முழுக்கக் கேட்டுவிடுவார். அவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது ராஜாமணிதான்.